கொள்ளிடம் வரை மேல் படுக்கை

நாகர்கோவிலில் காலையில் புறப்பட்டு வடக்கே வெகுதூரம் போகும் அந்த ரயிலில், படுக்கையோடு சேர்த்து ஒவ்வொரு பயணிக்கும் ஒரு கொலைப்படத்தில் வேடமும் ஒதுக்கப்படுகிறது. திரை, கேமரா எதுவும் கிடையாது. மூடிய ரயில்வே கேட்டுகளில் காத்து நிற்பவர்கள்தான் பார்வையாளர்கள். ஜன்னல்கள் கடந்து போவதற்குள் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு. ஒருவருக்கும் முழுக்கதை தெரியாது. படம் பகலில் மட்டும் ஓடும். இரவில் விளக்கை அணைக்கச் சொல்லிப் பயணிகள் சண்டை பிடிப்பார்கள். படத்தில் சாகிறவர் உண்மையிலேயே சாவார்.

வேடம் ஆளுக்கு அல்ல, படுக்கைக்கு. காட்சி வரும்போது எந்தப் படுக்கையில் யார் இருக்கிறாரோ, அந்த வேடம் அவருடையது; மாற்று ஆள் உட்காராதவரை இறங்கி நின்றாலும் போகாது.

எனக்குக் கீழ் படுக்கை. என் மனைவி பூரணிக்கு நடுப்படுக்கை. அவளுடைய தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வள்ளியூர் தாண்டுவதற்குள் எதிரே நின்றிருந்த பெண் பேச்சுக் கொடுத்தார். ஜெபமணி என்று பெயர், மார்த்தாண்டத்தில் டீச்சர். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு.

"சார், ஒரு உபகாரம். எனக்கு மேல போட்டிருக்கான். இந்தக் காலை வச்சிக்கிட்டு எப்படி ஏற? கீழ சீட்டு குடுப்பியளா?"

நான் பதில் சொல்வதற்குள் பூரணி, "அதுக்கென்ன டீச்சர், இவங்க ஏறிக்குவாங்க" என்றாள். நான் ஏறிக்கொண்டேன். இரக்கப்பட்டுத்தான் ஏறினேனா, அல்லது மறுத்தால் பெட்டியில் எல்லோரும் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்து ஏறினேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன். ரயிலில் இடம் மாற்றிக் கொடுப்பவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. அது கை குலுக்குவது மாதிரி.

டி.டி.ஆர். வந்தார். யாருக்கு என்ன வேடம் என்பதைக் காதில்தான் சொல்வார். கொலையாளி யாரென்று வெளியே தெரிந்துவிட்டால் சஸ்பென்ஸ் போய்விடும். ஜெபமணி டீச்சரின் காதில் சொன்னார். பூரணியின் காதில் சொன்னார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்விரலில் எம்பி நின்று என் காதில் சொன்னார்.

"நீங்க சாகுறவர், சார். கொள்ளிடம் பாலத்துல. அங்கதான் சத்தம் வெளிய கேக்காது."

நான் தலையாட்டினேன். அவர் அடுத்த வரிசைக்குப் போனார்.

"உனக்கு என்ன சொன்னார்?" என்று பூரணியைக் கேட்டேன்.

"அழணுமாம்" என்றாள். "அப்ப உங்களுக்கு?" என்றாள். நான் கூரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேல் படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது. கூரை தலையில் இடித்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, கீழே போகிறவர் வருகிறவர் எல்லோருடைய கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளரிக்காய் விற்றவரிடம் கத்தி இருந்தது. பக்கத்து வரிசைக்காரர் துண்டை முறுக்கிப் பிழிந்தார். மதுரையில் காபி கொடுத்தவர் என் கழுத்தை ஒருமுறை பார்த்ததுபோல் இருந்தது. வாங்கிய காபியைக் குடிக்கவில்லை. எங்கள் வரிசையில் எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

திண்டுக்கல்லில் படுக்கையிலிருந்து இறங்கி, பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் இடம் மாற்றிக் கொடுப்பார்களா என்று கேட்டேன். ஒருவருக்கு முட்டிவலி. ஒருவருக்கு அங்கேதான் போன் சார்ஜ் போட வசதி. ஒரு தம்பதி சேர்ந்தே இருக்க விரும்பினார்கள். யாரும் முகம் கோணவில்லை.

திரும்பி வந்தபோது பூரணி டி.டி.ஆரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரே பெர்த்துல ரெண்டு பேர் இருந்தா?"

"ஆர்.ஏ.சி. மாதிரிதாம்மா. ஆளுக்குப் பாதி."

"நாலஞ்சு பேர் இருந்தா?"

"பங்கு போட்டுக்க வேண்டியதுதான். பாலத்துல தூண் இருக்குல்ல? ஒரு தூண்ல இருந்து அடுத்த தூண் வரைக்கும் ஒருத்தர் செத்திருப்பார். அப்புறம் அடுத்தவர்."

அவர் போனதும் பூரணி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறத் தொடங்கினாள். "கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்றாள். வேண்டாம், கீழேயே இரு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அதற்குள் உடம்பு சுவரோரமாக நகர்ந்துவிட்டது.

திருச்சியில் ஒரு காதுகுத்துக் கூட்டம் முன்பதிவில்லாமல் ஏறியது. தட்டு, தாம்பாளம், மாலை எல்லாம் இருந்தன. வேறு நாளாக இருந்தால் இது ரிசர்வேஷன் பெட்டி என்று சத்தம் போட்டிருப்பேன். அவர்களில் செல்லாயி என்ற பருமனான அம்மாள் மேலே பார்த்தார்.

"அண்ணே, அரியலூருதான். ஏறிக்கட்டுமா?"

"ஏறலாம். ஆனா இங்க உட்கார்ந்தா கொள்ளிடத்துல சாகணும்."

"எவ்வளவு நேரம்?"

"பங்கு போட்டா ஒரு தூண் தூரம்."

"அவ்வளவுதானா? அரியலூர் வரைக்கும் கக்கூஸ் பக்கத்துல நிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை. யோவ் பெரியவரே, ஏறுய்யா!"

பெரியவர் என்பது அவருடைய கணவர். அவரும், அவர் தம்பி ஒருவரும் ஏறினார்கள். ஐந்து பேரும் கால்களைத் தொங்கவிட்டு, கழுத்தை வளைத்து உட்கார்ந்தோம். நான் சுவரோரம். பூரணி அந்த ஓரம்.

ஶ்ரீரங்கம் தாண்டி, பாலத்தின் சத்தம் ஆரம்பித்தது. ஜெபமணி டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. என் கீழ் படுக்கைக்கு உரியது கொலையாளி வேடம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இடம் கொடுக்காமல் இருந்திருந்தால் நான் இவரைக் கொன்றிருப்பேன். ஒரு கணம் அதுவே நல்லதாகத் தோன்றியது; அந்தக் கணத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

"தப்பா நினைச்சுக்கிடாதிங்க சார். என்னால ஏற முடியாது. கொஞ்சம் குனிஞ்சியள்னா போதும்."

குனிந்தேன். ஜுரம் பார்ப்பதுபோல் என் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். சத்தம் நின்றது. இருட்டோ வெளிச்சமோ இல்லை. நான் இல்லாததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த தூண் வந்ததும் விரலை எடுத்தார். பெரியவர் குனிந்தார். பிறகு அவர் தம்பி. செல்லாயி தாம்பாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். நிமிர்ந்ததும் வாங்கிக்கொண்டு, "காது அடைச்சுக்கிச்சு" என்றார்.

பூரணி குனிந்தாள். டீச்சர் விரலை வைத்தார். ரயில் வேகம் குறைந்து, சிக்னல் கிடைக்காமல் பாலத்தின் நடுவில் நின்றது.

பூரணியின் தலை தொங்கியிருந்தது. மற்றவர்களுக்குக் குறுக்கே எட்டி அவள் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது.

"எடுத்துடுங்க டீச்சர்."

"தூண் வரணும்லா சார்" என்றார். மறு கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜன்னல் வழியாக மணல் தெரிந்தது. தூரத்தில், பாலம் முடியும் இடத்துக் கேட்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஒரே காட்சியை இவ்வளவு நேரம் பார்க்கக் கிடைத்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். சிலர் வண்டியின் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். நான் அழ முயன்றேன். அந்த வேடம் பூரணியுடையது, எனக்கு வரவில்லை. அந்த ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தால் இந்த இடத்தில் குனிந்திருப்பது நானாக இருக்கும் என்ற கணக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அவள் கையில் நகம் வளர்வது தெரிந்தது.

ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. தூண் வந்தது. டீச்சர் விரலை எடுத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார்.

பூரணி நிமிர்ந்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தது.

"ரொம்ப நாளாயிடுச்சுங்க" என்றாள்.

மீதிப் பாலம் முழுக்க நான் அவளைக் குனிய விடவில்லை. அவள் முறைக்கெல்லாம் நானே குனிந்தேன். அதனால் ஒன்றும் சரியாகிவிடவில்லை.

அரியலூரில் காதுகுத்துக்காரர்கள் இறங்கினார்கள். நாங்கள் கீழே வந்து உட்கார்ந்தோம். டீச்சர் எங்களைப் பார்க்காமல் ஆரஞ்சு உரித்து இருவருக்கும் கொடுத்தார்.

"அங்க என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"முதல்ல உங்களுக்காகக் காத்திருந்தேன்."

"அப்புறம்?"

"எவ்வளவு காலம்தான் காத்திருக்கிறது, சொல்லுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "அங்க கட்டிக்கிட்டவங்க, விருத்தாசலத்துல ஏறுறேன்னு சொல்லியிருக்காங்க."

விருத்தாசலத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர் ஏறினார். சாதுவான முகம். பூரணியைப் பார்த்ததும் சிரித்து, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டார். அவர் பின்னால் மீசை வைத்த இரண்டு மகன்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் என் மூக்கு. மூத்தவன் என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். வாங்கிக் குடித்தேன்.