சுதர்மாஜியின் ராசிச் சட்டை

"நான் அறைக்குள்ள காலை வச்சாப் போதும், எலிங்க வலியை மறந்துடும். மெராப்பி மலையோட நெருப்புக் குழம்புல நடக்கவிட்டாலும் வாலைக்கூட ஆட்டாது!"

இந்தோனேசியாவில் ஜோக்ஜகார்த்தா பல்கலைக்கழகத்தின் ஆய்வு விலங்குக் கூடத்தில் பேராசிரியர் சுதர்மாஜி இப்படி முழங்கும்போதெல்லாம் மாணவிகள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். பெரியவரை மறுத்துப் பேசும் வழக்கம் அங்கே கிடையாது. ஆட்டாத ஒரே தலை டாக்டர் லாராஸுடையது.

"எலி வலியை மறக்குதோ இல்லையோ, அது காலைத் தூக்கறதை இவரு எண்ண மறந்துடறாரு" என்று முணுமுணுப்பாள்.

எலியின் பாதத்தில் ஊசி போட்டு வீங்கவைப்பார்கள். அதைக் கம்பிவலை மேல் நிறுத்தி, கீழிருந்து நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார்கள். வலித்தால் காலை வெடுக்கென்று தூக்கும். சுதர்மாஜியின் கச்சோலக் கிழங்குச் சாற்றைக் குடித்த எலிகள் தூக்குவதில்லை. தண்ணீர் குடித்தவை தூக்கும். ஆகவே சாறு சர்வ வல்லமை பெற்றது என்பது அவர் கட்சி.

சாறு குடித்த எலிகளை அவர் வேறு யாரையும் தொடவிட மாட்டார். தண்ணீர் எலிகள் மாணவிகளின் பாடு.

"எது எதைக் குடிச்சதுன்னு தெரியாம அளக்கணும், பாக்" என்று லாராஸ் ஒருமுறை சொன்னாள். அங்கே 'பாக்' என்றால் ஐயா.

"கண்ணு நல்லாத் தெரியறவன் எதுக்கும்மா கண்ணைக் கட்டிக்கணும்?"

அளக்கும் நாளெல்லாம் அவர் உடம்பில் ஒரே பூப்போட்ட பாத்திக் சட்டை. ராசியான சட்டை என்பதால் அதற்குத் தண்ணீர் காட்டியதில்லை. அதன் வாசம் தாங்காமல் சுவர்ப் பல்லிகள் குடும்பத்தோடு தாவரவியல் துறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டன. அடுத்த தெரு துரியன் வியாபாரியே மூக்கைப் பிடித்துக்கொண்டு கடையை இடம் மாற்றினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாராஸால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. சர்க்கரை நோயில் பாதம் தீயாய் எரிகிற அவள் அப்பா, பேராசிரியரின் வானொலிப் பேச்சைக் கேட்டு, ஆஸ்பத்திரி மாத்திரைகளைத் தூர வைத்துவிட்டார். "அனுமதி கிடைக்கட்டும், முதல் ஆளா நான் குடிக்கறேன்" என்று காலை ஊதி ஊதிக் காத்திருந்தார். சாற்றை மருந்தாக விற்க அனுமதி தருவதற்கு ஜகார்த்தாவிலிருந்து அதிகாரி இபு விதோவாத்தி வந்திறங்கினார். 'இபு' என்றால் அம்மா.

லாராஸ் அவரைத் தனியே பிடித்தாள். "இபு, இன்னைக்கு எல்லா எலிக்கும் வெறும் தண்ணிதான். சாறுன்னு சொல்லி அவரு கையில குடுப்போம். அத்தனையும் காலைத் தூக்கும், சாயம் வெளுத்துடும்."

குறும்புக்காரியான விதோவாத்தி உடனே சம்மதித்தார். "தூக்காட்டி?"

"தூக்காட்டி நான் அந்தச் சட்டையைத் துவைக்கறேன்."

சுதர்மாஜி சட்டை மணக்க மணக்க வந்தார். இழையை வாள்போல் உருவினார். ஒரு எலியைத் தொட்டார். அசையவில்லை. அடுத்தது. அதுவும் சிலை. தடித்த இழையை எடுத்தார்; ஒரு கால்கூட எழவில்லை. லாராஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு தானே குனிந்து பார்த்தாள். பொய்க் கணக்கு இல்லை. எலிகள் உண்மையிலேயே கல்லாய்ச் சமைந்திருந்தன.

"பாத்தீங்களா இபு? எல்லாம் சாறு!" என்று சொல்லிவிட்டு, படம் பிடித்துக்கொள்ள வேறு சட்டை மாற்றிக்கொண்டு, விருந்துக்குக் கிளம்பினார் சுதர்மாஜி. ராசிச் சட்டை அவர் அறைக் கொக்கியில் தொங்கியது.

"என்னடி இது, தண்ணிக்கு இவ்வளவு சக்தியா?" என்றார் விதோவாத்தி.

இரண்டு பெண்களும் பலாக்காய்க் குடேக் சோற்றைக் கூடத்து வாசலிலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். லாராஸ் அதே எலியை அதே இழையால் தொட்டாள். வெடுக்! அடுத்தது வெடுக்! கூண்டு முழுக்க நாட்டியக் கச்சேரி.

லாராஸ் எழுந்து போய், கையை முழம் தள்ளி நீட்டி, இரண்டு விரலால் அந்தச் சட்டையைக் கொண்டுவந்து கூண்டருகே தொங்கவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எலிகள் ஒடுங்கின. மறுபடி தொட்டாள். ஒரு கால்கூட எழவில்லை.

"ஆம்பளை வாசம்" என்றாள் மெல்ல. "எலிக்கு அது பயம், இபு. பயந்தா மூளை தண்டுவடத்துல வலிச் செய்தி வர்ற வழியை அடைச்சிடுது. சாறு குடிச்ச எலிங்களை அளந்தது அவரு. தண்ணி எலிங்களை அளந்தது பொண்ணுங்க. சாறு ஒண்ணும் பண்ணலை."

விதோவாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ நோயாளிக்கெல்லாம் இந்தச் சட்டையைப் பிழிஞ்சு குடுக்கச் சொல்லலாமா?"

அனுமதி அங்கேயே செத்தது. லாராஸ் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, "மாத்திரையைப் போடுங்கப்பா, இப்பவே" என்றாள்.

சுதர்மாஜி பல் குத்திக்கொண்டே திரும்பினார். கொக்கியில் மாட்டிவிட்டுப் போன சட்டை கூண்டருகே தொங்குவதைப் பார்த்துக் குழம்பினார்.

"என்ன இபு, சாறு எப்படி?"

"இந்த எலிங்க குடிச்சது வெறும் தண்ணி" என்றார் விதோவாத்தி.

பேராசிரியரின் வாயிலிருந்து பல்குச்சி விழுந்தது. முகம் கறுத்தது. பிறகு அந்த ஜன்மத்துக்கே உரிய நப்பாசை அதில் எட்டிப்பார்த்தது. "அப்போ... நான் உள்ள வந்தா எலிக்கு வலி போயிடும்னு சொன்னேனே? நீதானே லாராஸ் நம்பாம, தலையாட்டாம நின்ன?"

லாராஸ் சோப்புக் கட்டியைத் தேடி எடுத்தாள். சட்டையை வாளிக்குள் அமுக்கினாள்.

"நான்தான் பாக். ஒத்துக்கறேன். நீங்க உள்ள வந்தீங்க, வலி போச்சு. என் கண்ணால பாத்தேன்."