சாமிப் பலகை இறங்கிய காலை

வெள்ளிக்கிழமை, பொழுது விடியும் முன்பே எரிகோ ஒகயாமாவிலிருந்து காரை எடுத்துவிட்டாள். மட்சுவேயில் தனியாக இருக்கும் அம்மாவிடம் வருவதாகச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா, வாரம் இருமுறை வீட்டு வேலைக்கு வரும் அந்தப் பராமரிப்புப் பெண்ணின் காதில் போட்டுவிடுவாள். பக்கத்து இருக்கையில் இருந்த கைப்பைக்குள், பராமரிப்பு அலுவலகத்துக்கு அவள் எழுதிய புகார்க் கடிதம் இருந்தது. கட்சுபே என்ற உங்கள் பணியாளரை உடனே நீக்க வேண்டும் என்று அது முடிந்தது.

மலைப்பாதையில் ஏறும்போது கைப்பேசி சிணுங்கியது. மணி ஐந்து பத்து. அம்மாவின் வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் மின்கெட்டிலைப் போட்டால் மகளுக்குச் செய்தி வரும்படி எரிகோதான் ஏற்பாடு செய்திருந்தாள். மற்ற நாட்களில் ஏழு மணிக்கு வரும் அந்தச் செய்தி, கட்சுபே வருகிற செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஐந்து மணிக்கே வந்துவிடும்.

'அந்தப் பொம்பளை வர்ற பயத்துல அம்மாவுக்குத் தூக்கமே இல்லை' என்று எரிகோ பல்லைக் கடித்தாள்.

போன ஞாயிறு வந்தபோதுதான் அம்மாவின் இடது முழங்கையில் கறுநீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள் எண்பத்து நான்கு வயது மிட்சுயோ. கேட்கும் முன்பே சொன்ன பதில் அது. கட்சுபே ஒவ்வொரு முறையும் எழுதிவைக்கும் நோட்டைப் புரட்டினால் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது. மிச்சத்தில் பாதி நாள் ஒரே வரி: "வீடு ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. பேசிக்கொண்டிருந்தோம்." வேலையைத் தட்டிக் கழித்துவிட்டு அதை எழுதியும் வைக்கிறாளே என்று எரிகோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கன்றிய கையையும் கிழிந்த தாளையும் சேர்த்துப் பார்த்ததில் அவளுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் வந்தது.

ஏழரைக்குத் தன்னிடமிருந்த சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். தரை ஈரமாகப் பளபளத்தது. உள்ளறையில் அம்மா ஒரு மர ஸ்டூலின் மேல் நின்று, கூரையை ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்த சாமிப் பலகையை எட்டி எட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலின் ஒரு கால் ஆடியது.

கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் விழுவாள். எரிகோ மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் அந்த மெலிந்த கால்களை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"யாரு?"

"நான்தான். அசையாதே."

"நீயா? திருடனோன்னு நினைச்சேன். ஆனா இந்தக் காலத்துத் திருடன் போன் பண்ணிட்டுல்ல வர்றான்."

"கீழ இறங்கு முதல்ல. விடிஞ்சும் விடியாம இங்க என்ன பண்றே?"

"பத்து மணிக்கு கட்சுபே வந்துடுவாங்க. வீடு இந்த லட்சணத்துல கிடந்தா என்ன நினைப்பாங்க?"

"அம்மா, துடைக்கத்தானே அவங்க வர்றாங்க."

"அதுக்காக? அழுக்கு வீட்டுக்குள்ள ஒருத்தரை எப்படிக் கூப்பிடுறது?"

எரிகோ அம்மாவின் சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளினாள். "இது கதவு இல்லையே."

மிட்சுயோ தேயிலை டப்பாக்கள் இருந்த இழுப்பறையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். கட்சுபேயின் கையெழுத்து. "இடது முழங்கையில் காயம். ஸ்டூலிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். அலுவலகத்துக்குத் தெரிவித்து, மகளுக்கும் சொல்லச் சொன்னேன்."

"நீ பார்த்தா என்னை முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்னுதான் கிழிச்சேன். தூக்கிப் போட மனசு வரலை. அக்கறையா எழுதினது பாரு."

எரிகோவின் சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. எழுதினாள் சரி, எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கட்சுபே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். எரிகோ வணக்கம்கூடச் சொல்லாமல் தாளை நீட்டி, தனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டாள்.

"ஆபீஸ்ல இருந்து மூணு தடவை கூப்பிட்டாங்களாம்" என்றாள் கட்சுபே. "நீங்க எடுக்கலையாம். அப்புறம் லைனே போகலையாம். லெட்டர் போட்டிருக்காங்க, இன்னைக்கோ நாளைக்கோ வந்துடும்."

எரிகோ கைப்பேசியைத் திறந்தாள். தெரியாத எண்களை எடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. தடுத்துவைத்த எண்களின் வரிசையில் மட்சுவே எண் ஒன்று இருந்தது. பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: மோசடிக்காரன்.

அவள் தலை தானாகத் தாழ்ந்தது. "மன்னிச்சுக்குங்க. நான் உங்களைத் தப்பா..."

"பெத்தவங்க கையில காயத்தைப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்" என்று கட்சுபே ஸ்டூலைப் பார்த்தாள். "தரையை எனக்கு விட்டுவைங்கன்னு கெஞ்சிட்டேன், கேக்கமாட்டேங்கிறாங்க. சாமிப் பலகையை நாங்க தொடக் கூடாது, அது ஆபீஸ் விதி. அதனால அம்மாவே ஏறிடுறாங்க."

"அப்போ அதைக் கீழே இறக்கிடுறேன்" என்றாள் எரிகோ.

மிட்சுயோ பதறினாள். "சாமி கண்ணுக்கு மேலதான் இருக்கணும். உங்கப்பா மாட்டினது அது."

கட்சுபே ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரெதிரே போட்டாள். "இப்படி உட்காருங்கம்மா. உட்கார்ந்துக்கிட்டே கும்பிட்டா, சாமி எதுவரைக்கும் இறங்கலாம்?"

மிட்சுயோ உட்கார்ந்தாள். சுவரை வெகுநேரம் பார்த்தாள். "அதோ, அந்த நாட்காட்டி ஆணி வரைக்கும் இறங்கலாம். அப்பவும் மேலதான் இருப்பாரு."

அப்பாவின் கருவிப் பெட்டி அப்படியே இருந்தது. எரிகோ திருகாணிகளைக் கழற்றினாள். துளைகளுக்கு அளவெடுக்கக் காகிதம் தேடி, கைப்பைக்குள் கைவிட்டு, வந்த தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். கட்சுபே கையைப் பின்னால் கட்டியபடி தள்ளி நின்று, "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்" என்று மட்டும் சொன்னாள்.

"என்ன தாள் அது, இவ்வளவு எழுதியிருக்கே?" என்றாள் மிட்சுயோ.

"வேற எதுக்கோ எழுதினது. இதுக்குத்தான் உதவுது."

மிட்சுயோ உட்கார்ந்தபடியே கை நீட்டிப் புதுத் தண்ணீர் வைத்துக் கும்பிட்டாள். கிழித்த தாளை எரிகோ நோட்டில் ஒட்டி, அதன் கீழே தன் எண்ணை எழுதினாள். தடுத்துவைத்த எண்ணை விடுவித்து, கட்சுபேயின் ஆபீஸ் என்று பெயரை மாற்றினாள். ஊர் திரும்பும்போது ஸ்டூலைத் தன்னோடு எடுத்துப் போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கைப்பேசி சிணுங்கியபோது மணி ஆறு இருபது. இன்னும் தரை துடைக்கிறாள் போலிருக்கிறது. எரிகோ சிரித்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டாள், கட்சுபேக்கும் கொஞ்சம் அழுக்கு மிச்சம் வைக்கச் சொல்ல.