உயிரோடிருப்பவருக்கு ஒரு பூசை

அந்த மென்பொருள் செத்துப்போய்விட்டது என்றுதான் லிபின் சொன்னான். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். சனிக்கிழமை ஊருக்கு வந்தால், அக்கா அஜிஷா வேலை செய்யும் மீனவர் சங்க அலுவலகத்தில் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடிக்காமல் திரும்பமாட்டான்.

மணவாளக்குறிச்சியை அடுத்த அந்தக் கரையில், கடலில் இருப்பவர்கள் சங்கத்து எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். அலுவலகக் கம்ப்யூட்டர் அதை மற்ற வள்ளங்களுக்கும், ஐஸ் வண்டிக்காரருக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் அனுப்பிவிடும். அந்த மென்பொருளை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். அஜிஷா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது நின்றதே இல்லை. அதனாலேயே அவள் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

“2008-க்குப் பொறவு ஒரு மாற்றமும் இல்ல, பாத்தியா? கேக்க நாதியில்லாம கெடக்கு அக்கா. நாளைக்கு நின்னுபோனா யாருகிட்ட போய் அழுவ?”

அவள் கணவன் ரெனிஷ் கடலுக்குப் போகிறவன். கேள்வி உறைத்தது.

மாதந்தோறும் புதுப் பதிப்பு வருகிற வேறொன்றை லிபின் தன் மடிக்கணினியில் ஏற்றித் தந்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. சோதித்துப் பார்க்க அதைவிடத் தோதான நாள் ஏது? அலுவலகக் கம்ப்யூட்டரின் பழைய மோடத்திலிருந்து சிம் கார்டைக் கழற்றி, மடிக்கணினியோடு இணைத்த புதிய மோடத்தில் போட்டார்கள். திருப்பலிப் பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அனுப்பிய செய்தி, அனுப்பிய கையோடு போய்ச் சேர்ந்தது. லிபின் மடிக்கணினியை அங்கேயே விட்டுவிட்டு, மனநிறைவோடு பஸ் ஏறினான்.

திங்கட்கிழமை மதியம் காற்று வலுத்தது. வள்ளங்கள் எல்லாம் ஒன்றாகக் கரைநோக்கித் திரும்பின. சிக்னல் எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஆளாளுக்குச் செய்தி அனுப்பினார்கள். மடிக்கணினி முதலில் வந்த சிலவற்றை எடுத்துக்கொண்டது. பிறகு திரை அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற அமரப் பேசியவர்களை மட்டுமே அது பார்த்திருந்தது. வேலைநாளில் கடலே ஒருமிக்கப் பேசும் என்பது அக்காளுக்கும் தம்பிக்கும் தோன்றவே இல்லை.

வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. ரெனிஷின் வள்ளத்தைக் காணவில்லை. அவனைப் போனில் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. அஜிஷா மடிக்கணினியை அணைத்துப் போட்டாள், மறுபடியும் நின்றது. சிம்மை உருவிப் பழைய மோடத்தில் செருகினாள்.

நெட்வொர்க்கில் தேங்கிக் கிடந்த செய்திகள் வரிசையாக வந்தன, வரிசையாகப் போயின. நடுவே ரெனிஷின் செய்தி: எஞ்சின் நின்றுவிட்டது, முட்டத்துக்குத் தெற்கே, நீரோட்டம் இழுக்கிறது. இன்னும் கரையேறாமல் தன் வள்ளத்தில் இருந்த ஜான்ரோஸ் அதைப் பார்த்துவிட்டு வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போய், கயிறு கட்டி அவனை இழுத்துவந்தார்.

சாயங்காலம் அவள் நடந்ததை லிபினுக்குப் போனில் சொன்னாள். மறுநாள் அவனே கூப்பிட்டான். பழைய மென்பொருளைப் பயன்படுத்துவோர் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களையெல்லாம் படித்திருந்தான். கடைசிப் புகார் 2008-இல் வந்தது. நெரிசலில் செய்திகள் சிக்கிக்கொள்வதைப் பற்றியது. அதைச் சரிசெய்ததுதான் கடைசி மாற்றம். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல ஒரு குறையும் இருக்கவில்லை.

அந்த மென்பொருளை எழுதியவருக்கு அஜிஷா நன்றி சொல்லி நாலு வரி எழுதினாள். ஹெல்முட் என்ற அவரிடமிருந்து அன்றைக்கே பதில் வந்தது: “இங்கேதான் இருக்கிறேன். ஏதாவது பழுது கண்டீர்களா?”

“ஏலே, ஒனக்க செத்த ஆளு பதில் போட்டிருக்காரு” என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்.

ரெனிஷ் பூசைக்கு ஹெல்முட்டின் பெயரைக் கொடுக்கப் போனான். கோயிலில் பெயர் எழுதும் ஏசுஅடிமை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“வெள்ளைக்காரப் பேரா இருக்கே. செத்தவங்க ஆத்தும இளைப்பாற்றிக்கா மக்கா?”

“இல்ல மாமா, ஆளு சொகமா இருக்காரு. சத்தம் அனக்கமில்லாம இருந்ததுல நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம். நன்றிக்குப் போடும்.”

ஞாயிற்றுக்கிழமை சாமியார் அந்தப் பெயரில் ஒருமுறை தடுக்கி, திரும்பவும் திருத்தமாக வாசித்தார். லிபின் பின்வரிசையில் தலைகுனிந்து முழங்காலிட்டிருந்தான்.