மஞ்சள் நீரில் குளித்த முடி

தீட்டு என்று வந்துவிட்டால் புஷ்பவதிக்குக் கண்மண் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் குலவைச் சத்தம் கேட்டது. இலட்சுமியின் மகள் பெரிய மனுஷியாகிவிட்டாள். நல்ல சேதிதான், யார் இல்லையென்றது? ஆனால் காமன் கூத்துப் பெட்டி புஷ்பவதி வீட்டில் அல்லவா இருந்தது! அவள் புருஷன் அழகமுத்து ரதி வேஷத்துக்குக் கையில் காப்புக் கட்டி, ஒருவேளைச் சோற்றோடு விரதம் இருந்தான். லயத்துச் சுவரோ கூரையைத் தொடாத சுவர். தீட்டு அந்த இடைவெளியால் ஏறி வராதா? வரும் என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். பெட்டியிலிருந்த சேலை, இரவிக்கை, டோப்பா எல்லாவற்றையும் அள்ளி, கொதிக்கிற மஞ்சள் தண்ணீரில் போட்டாள்.

சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. டோப்பாவைத் தூக்கினால் சாக்குத் துணி மட்டும் கையோடு வந்தது. ஒட்டியிருந்த பசை கரைந்து, முடியெல்லாம் கொத்துக் கொத்தாகச் சட்டியில் மிதந்தது.

"அடியாத்தீ!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் வாங்கிய முடியாக இருந்தாலும் பரவாயில்லை. அது அவளுடைய சொந்த முடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது, முழங்காலைத் தொட்ட முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். அழகமுத்துதான் அதைக் குப்பையில் போட மனசில்லாமல் கூத்து வாத்தியார் நாகமுத்துவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். வாத்தியார் தன் கையால் பசை காய்ச்சி ஒட்டினார். இப்போது அவள் தலையில் இருப்பது தோளுக்குக்கூட எட்டாது. இன்னொரு டோப்பாவுக்கு எங்கே போவது?

புதன்கிழமை விடியலில் காமன் எரிகிறான். புருஷன் எரிந்ததும் ரதி தலையை விரித்துப் போட்டு ஒப்பாரி வைக்க வேண்டும். விரிக்க முடியில்லாத ரதியை யார் பார்ப்பார்கள்? காப்புக் கட்டினவன் களம் ஏறாமல் காப்பை அவிழ்த்தால் குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். அழகமுத்து கோயிலடியில் ஒத்திகையில் இருந்தான். அவன் காதுக்கு இது போகக்கூடாது. ஈர முடியை ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, மலையடி யட்டவத்தைக்கு இறங்கி மாத்தளை பஸ் பிடித்தாள்.

மாத்தளையில் கோயில் தெருவில் பாப்பம்மா என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணப் பெண்களுக்குச் சவுரி கட்டிக் கொடுப்பவள். கை எவ்வளவு சுத்தமோ, வாய் அவ்வளவு மோசம்.

"என்னா புள்ள இது? முடியா, கொழம்பா?"

"தீட்டுன்னு கழுவுனேங்க."

"சுடுதண்ணியிலயா? ஒன் தலைய இப்பிடித்தான் கழுவுவியா?"

புஷ்பவதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாப்பம்மா அதைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கினாள்.

"அழுவாத. முடிக்கு ஒண்ணும் ஆகல. பசையும் சாக்குந்தான் போச்சு. போனா சனியன் விட்டுச்சுன்னு நெனைச்சுக்க. முடிய எவனாச்சும் ஒட்டுவானா? தைக்கணும். உக்காரு."

மாலை பஸ் வரைக்கும் இரண்டு பேரும் தைத்தார்கள். தடித்த பருத்தித் துணியில் குல்லா வெட்டி, ஒவ்வொரு கொத்தாக வரிசை வரிசையாகப் பிடித்தார்கள். தைக்கத் தைக்க பாப்பம்மாவின் வாய் ஓயவில்லை. பச்சைத் தண்ணியில சீயக்கா கரைச்சுப் போடு, கசக்காத, புழியாத, துண்டுல ஒத்தி எடு. வெயில்ல காயப் போட்டா இந்தப் பக்கமே வராத. கவுத்த பானை மேல வை, நெழல்ல காயட்டும். சீவுறப்ப ஒரு கையால அடியப் புடிச்சுக்கிட்டு நுனியில இருந்து மேல வரணும். உச்சியில இருந்து இழுத்தியோ, அம்புட்டும் கையோட வந்துரும். பெட்டிக்குள்ள வேப்பெல போடு, கரப்பான் அண்டாது.

"அவரு இழுப்பாருங்க," என்றாள் புஷ்பவதி மெதுவாக. "ஒப்பாரியில ரெண்டு கையாலயும் புடிச்சு இழுப்பாரு."

பாப்பம்மா ஊசியை நிறுத்தினாள். "அப்ப மாரியாத்தாள வேண்டிக்க," என்று சொல்லிவிட்டு, உச்சியில் இன்னொரு வரிசை இரட்டை நூலில் தைத்தாள்.

திங்கட்கிழமை பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து, பானைமேல் காய்ந்த முடியைச் சொன்னபடியே சீவினாள். செவ்வாய்க்கிழமை மாலை நாகமுத்து வாத்தியார் வந்து டோப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், மேலே தடவிப் பார்த்தார்.

"பாத்தியா, ரெண்டு வருசமாகியும் பளபளன்னு நிக்குது. என்னோட பசை அப்பிடி!"

"ஆமாங்க," என்றாள் புஷ்பவதி. வேறு என்ன சொல்வாள்?

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் காமன் எரிந்தான். தப்பு மேளச் சத்தம் அடங்கியது. அழகமுத்து களத்தில் விழுந்து எழுந்து, கொண்டையை அவிழ்த்து உதறினான். முடி முழங்கால் வரைக்கும் சரிந்தது. புஷ்பவதி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவன் இரண்டு கையும் தலைக்குப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐயோ என்று களமே அழுதது. திறந்து பார்த்தாள். முடி முடியாக, தலை தலையாக இருந்தது. மறுபடியும் இழுத்தான். ஒரு கொத்துகூட வரவில்லை.

சுற்றியிருந்த பெண்களெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, புஷ்பவதி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிப் போயிற்று.

"என்னாடி, தாலியறுத்தவளப் பாத்து சிரிக்கிற?" என்று பக்கத்தில் நின்றவள் இடித்தாள்.

வீட்டுக்கு வந்த அழகமுத்து டோப்பாவைக் கழற்றி மூலையில் எறிவான் என்று பார்த்தாள். அவனோ இரண்டு கையாலும் மெல்ல எடுத்து, கவிழ்த்த பானையைத் தேடி அதன்மேல் வைத்தான்.

புஷ்பவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்குத் தெரியுமா?"

"போட்ட ஒடனே மஞ்ச வாசம் ஆள தூக்குது. தெரியாம என்னா?"

"தெரிஞ்சுமா அப்பிடி இழுத்தீங்க? எனக்கு உசுரே போயிருச்சு!"

"எங்க இழுத்தேன்? ஒரு கையால அடியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, மத்த கையால நுனியத்தான் ஆட்டுனேன். திங்கக்கெழமை சோத்துக்கு வந்தப்ப வாசல்ல நின்னு நீ சீவுனதப் பாத்தேன்ல." முகத்து அரிதாரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னான். "போன வருசமும் சும்மா இழுக்குற மாதிரிதான் காட்டுனேன். ஒன் முடியப் போயி நான் புடுங்குவேனா, புள்ள?"