டேக் இல்லாமல் சிவகிரிக்கு

சிவகிரிக் கிளையில் வேலை பார்த்த பதினொரு பேரும் அன்று மாலை ஐந்து மணியோடு இல்லாமல் போகவிருந்தார்கள். கோவில்பட்டி தலைமை அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கும் ஜெபக்கனிக்கு மூன்று மணிக்குத்தான் அதைச் சொன்னார்கள். பதினொரு பேரில் ஒருவன் அவள் புருஷன் ஞானதுரை.

"அனுப்புறது எதுக்கும் பதில் வரல. பதில் வராத கிளை இல்லாத கிளை," என்றார் மேலாளர் அனந்தகிருஷ்ணன். அவர் எதிரே ஒரு தாளில் பதினொரு பெயர்களும், பக்கத்தில் ஒரு ரப்பரும் இருந்தன.

"காலைல எனக்குச் சோறு கட்டிக் குடுத்தாரு சார்."

"அது காலைல."

லைன் கம்பெனிக்குப் போன் போட்டாள். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்," என்றது ஒரு குரல். நாற்பது தடவை கேட்டாள். நாற்பது தடவையும் சரியாகவே இருந்தது. எரிச்சல் தாங்காமல் போனை வைத்துவிட்டு, சுவரில் கேபிள் நுழையும் ஓட்டை வழியாக அவளே கிளம்பினாள். ஏழு வருஷமாக அதன் வழியே அனுப்புகிறவளுக்கு வழி தெரியாதா என்ன?

லைன் கம்பெனியின் முதல் ரவுட்டரில் ஒரு காவலாளி பசைச் சட்டியோடு நின்றான்.

"டேக் எங்க? எந்தக் கம்பெனி ஆளுன்னு காட்டுற நம்பர் சீட்டு?"

"கிடையாது. டேக் இல்லாம அனுப்புவோம், அப்படியே அந்தப் பக்கம் போய்ச் சேரணும். அதான் பேச்சு."

"உள்ள அப்படி விட முடியாது. நாங்க ஒண்ணு ஒட்டுவோம். அங்க கழட்டிருவாங்க."

முதுகில் 207 என்று ஒட்டினான். வழியெல்லாம் மற்ற கம்பெனிகளின் ஆட்கள் நடந்தார்கள். எண் வேறு என்பதால் யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஒருவருக்குள் ஒருவர் புகுந்து போனார்கள். நடக்க நடக்க வழி நீண்டது. சங்கரன்கோவில் மட்டும் இரண்டு தடவை வந்தது.

சிவகிரி ரவுட்டரிலும் அதே காவலாளி.

"கழட்டுங்க."

"ஒட்டத்தான் எனக்கு எழுதிக் குடுத்திருக்கு. கழட்டுறதுக்கு எழுதல."

"பின்ன யாரு கழட்டுவா?"

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்."

அதே குரல்! அவன் அவளை டேக்கோடு வெளியே தள்ளிவிட்டான்.

கிளையின் வாசலில் காலையிலிருந்து அனுப்பிய அத்தனையும் குவிந்து கிடந்தது. எல்லாவற்றின் முதுகிலும் 207. டேக் கழட்டாத எதுவும் கிளையின் கண்ணில் படவில்லை. உள்ளே பதினொரு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானதுரையின் மூக்குக்கு நேரே போய் நின்றாள். அவன் அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தான். அவளுக்கு அழுகை முட்டியது. மணி நாலு ஐம்பது.

அழவில்லை. கதவு நிலையில் முதுகை வைத்து எருமை மாதிரி உரசினாள்.

"சொந்த டேக்கைக் கழட்டக் கூடாது! விதி இருக்கு!" என்று காவலாளி ஓடிவந்தான்.

"விதிய நீ பாத்துக்கோ. என் முதுக நான் பாத்துக்கிடுதேன்."

டேக் ஜாக்கெட் துணியோடு கிழிந்து வந்தது.

"ஏ கனி," என்றான் ஞானதுரை. "சாப்பிட்டியா?"

"பதில் வேணுமாம். எல்லாரும் எந்திரிங்க."

வரிசையாகக் கிளம்பினார்கள். காவலாளி பசையைத் தொட்டுக்கொண்டு வழியை மறித்தான். ஜெபக்கனி கையிலிருந்த 207-ஐ அவன் நெற்றியில் பளாரென்று ஒட்டினாள். அதன்பின் அவன் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு பேரும் அவனுக்குள்ளேயே நடந்து போனார்கள். திரும்பும்போது சங்கரன்கோவில் ஒரே தடவைதான் வந்தது.

கோவில்பட்டியில் சுவரிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். அனந்தகிருஷ்ணன் பத்துப் பெயர்களை அழித்துவிட்டு, ஞானதுரையின் பெயரில் ரப்பரை வைத்திருந்தார்.

"அஞ்சு அடிச்சிருச்சேம்மா."

"அது உங்க பக்கம். எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்."

ரப்பரைப் பிடுங்கித் தன் டிபன் பாக்ஸில் போட்டு மூடினாள். பேனாவை எடுத்து முதல் பெயரிலிருந்து எழுதத் தொடங்கினாள்.