உறுமிக்குத் தாங்கும் டிஸ்க்

ஷெரில் ஒரு சாமானை வாங்கி முடிப்பதற்குள் கடைக்காரருக்கு ஒரு வேளைப் பசி வந்துவிடும். ரைஸ் குக்கர் வாங்கிய அன்று மூடியைத் திறந்து மூடிப் பார்த்தே ஒரு மத்தியானத்தை ஓட்டினாள். ஆகவே, மடிக்கணினிக்கு வெளியிலிருந்து செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கவேண்டும் என்று அவள் சொன்னதும், தினேஸ்வரி வேனை ஈப்போ கணினிக் கடைத்தொகுதியின் கீழே நிறுத்தினாள். "நீ ஏறிப் போ. நான் ஒரு தூக்கம் போட்டுட்டு வாரேன்" என்று இருக்கையைச் சாய்த்துக்கொண்டாள்.

இருவருக்கும் ஒரே கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஷெரில் கையுறைக்குள் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பவள். தினேஸ்வரி பெட்டி கட்டும் பகுதிக்குத் தலைவி. வேலை முடிந்தால் ஷெரில் ஒலிப்பதிவு படிக்க மாலை வகுப்புக்குப் போவாள். தினேஸ்வரி உறுமியைத் தோளில் மாட்டுவாள். முழுக்க முழுக்கப் பெண்களே அடிக்கும் உறுமி மேளம் அவளுடையது. தெலுக் இந்தானில் ஒரு கோயில் நிர்வாகம் அந்த வருஷத் தேர் ஊர்வலத்துக்கு மேளம் தேடிக்கொண்டிருந்தது. "பொம்பளைங்க அடிச்சா தேருக்கு முன்னாடி எடுபடுமா?" என்று அதன் செயலாளர் இழுத்தார். "கேட்டுட்டுச் சொல்லுங்கண்ணே" என்றாள் தினேஸ்வரி. திங்கட்கிழமைக் கூட்டத்தில் போட்டுக் காட்ட ஒரு பதிவு வேண்டும். அதை எடுத்துத் தரும் பொறுப்பு ஷெரிலின் தலையில்.

ஒவ்வொரு மேளத்துக்கும் ஒரு மைக், ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். அத்தனைக்கும் அவளுடைய மடிக்கணினியில் இடமில்லை. வகுப்புப் பயிற்சிகளே அதை அடைத்துக்கொண்டிருந்தன.

கடையில் இருந்த ரூபன் என்ற இளைஞன் கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று கறுப்பாக, கனமாக இருந்தது. மற்றது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.

"இந்தக் கறுப்புக்குள்ள தட்டு சுத்தும். இடம் நெறைய. இது எஸ்எஸ்டி. உள்ள ஒன்னும் சுத்தாது, வேகமா எழுதும். ஆனா அதே வெலைக்கு இடம் கம்மிதான். எதுக்கு வேணும் உங்களுக்கு?"

உறுமி மேளம் பதிவு பண்ணப் போகிறேன் என்று சொன்னால் "நீங்களா?" என்று கேட்டுவிடுவானோ என்று ஷெரிலுக்கு நாக்கு எழவில்லை.

"பாட்டு வைக்க" என்றாள்.

"பாட்டு வைக்கன்னா தட்டே போதும்லா."

வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளை அவள் ஏற்கெனவே படித்திருந்தாள். எழுதும் வேகத்தை ஒப்பிட்டிருந்தாள். கேபிளின் நீளத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை கேட்டாள். அதற்குள் கொட்டாவி விட்டபடி தினேஸ்வரி மேலேறி வந்துவிட்டாள்.

"இன்னுமா? அந்தத் தம்பிக்குத் தாடி வளந்திருச்சு பாரு."

"தப்பா எடுத்துட்டா என்னக்கா பண்றது?"

"தப்பா எடுத்தா திரும்ப வருவோம். காடி இருக்கு, பெட்ரோல் இருக்கு."

ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, ஷெரில் கறுப்பை எடுத்தாள். இத்தனை இடம் இருந்தால் வகுப்பு வேலைகளையும் அதிலேயே போட்டுவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேளக் குழுவினர் எல்லாரும் சுங்கை சிப்புட் பக்கம் போனார்கள். முன்பு ரப்பர் நின்ற தோட்டம். இப்போது சுற்றிலும் எண்ணெய் தரும் செம்பனை. நடுவில் பலகைத் தரை போட்ட ஒரு மண்டபம் மட்டும் பூட்டாமல் கிடந்தது. அடுக்குமாடி வீட்டில் அடித்தால் போலீசுக்குப் போன் போகும். இங்கே காது கொடுக்க ஆளில்லை என்பதால் அதுதான் அவர்களுடைய ஒத்திகைக் கூடம்.

ஷெரில் மைக்குகளை நிறுத்தி, அளந்து, நகர்த்தி, மறுபடி அளந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினாள். குழுவில் பாடும் சாந்தினி ஒரு வரி பாடி நிறுத்தினாள். தினேஸ்வரி வளைந்த குச்சியை உறுமியின் தோலில் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தாள். தொழிற்சாலையில் பெட்டி எண்ணும் அதே கைகள்தானா என்று ஷெரிலுக்கு நம்ப முடியவில்லை. அடிவயிற்றில் யாரோ நாற்காலியை இழுத்தது போல அந்த ஓசை இறங்கியது. அதன்மேல் புனிதாவின் தவில் வந்து விழுந்தது. பம்பைகள் சேர்ந்துகொண்டன. அப்படி ஓர் அடியை ஷெரில் இதுவரை கேட்டதில்லை.

பதிவு நின்றுபோனது. 'டிஸ்க் மெதுவாக இருக்கிறது' என்று திரை சொன்னது.

"என்னாச்சு?" என்றாள் புனிதா.

"தெரியலக்கா. இன்னொரு தடவை..."

இன்னொரு தடவையும் நின்றது. மூன்றாவது தடவை, தேர் நகரும்போது அடிக்கும் உச்சத்தில் போய் நின்றது.

"ரோசாக்? கெட்டுப்போச்சா?" என்றாள் சாந்தினி.

"நம்ம அடியில கம்ப்யூட்டரே பயந்திருச்சுடி" என்று புனிதா சிரித்தாள். ஷெரிலுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை யோசித்தும் தப்பாகத்தான் எடுத்தேனா? எனக்கு ஏன் இந்த வேலை? கேபிளை மாற்றினாள். வேறு துளையில் செருகினாள். அப்படியும் நின்றது. பிறகு, கையுறையில் எந்த விரலில் ஓட்டை என்று தேடுவது போல, ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள். சாந்தினியைத் தனியாகப் பாடச் சொன்னாள். நிற்கவில்லை. தவிலை மட்டும் மெதுவாக அடிக்கச் சொன்னாள். நிற்கவில்லை. "இப்ப எல்லாரும் பலமா" என்று சொல்லிவிட்டு மேசைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

பலகைத் தரை அதிர, மேசை அதிர, அவள் எலும்பு வரை அதிர்ந்தது. டிஸ்குக்குள் 'டிக் டிக்' என்று ஏதோ தடுமாறியது.

"அக்கா, இது உடையல. குண்டும் குழியுமான ரோட்டுல ஓடுற பஸ்ல உக்காந்து கையெழுத்துப் போட்டா எப்படி இருக்கும்? உள்ள சுத்துற தட்டுல அதுக்கு எழுத முடியல. நீங்க அடிக்கிற அடி அப்படி."

துண்டை மடித்து டிஸ்குக்கு அடியில் வைத்தார்கள். முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஓடியது. உச்சம் வந்ததும் மறுபடி நின்றது.

"நான் அந்தத் தம்பிகிட்ட மேளத்துக்குன்னு சொல்லவே இல்லக்கா" என்றாள் ஷெரில். "எல்லாத்தையும் கேட்டேன். அதை மட்டும் சொல்லல."

ஏச்சு விழும் என்று எதிர்பார்த்து நின்றாள். தினேஸ்வரி உறுமியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. வேன் சாவியைத்தான் தேடினாள்.

"ஏறு. கடை மூடுறதுக்குள்ள போலாம். நீங்கல்லாம் இங்கயே இருங்க, வரும்போது சாப்பிட மீ கோரெங் தாப்பாவ் கட்டி வாங்கிட்டு வாரேன்."

ரூபன் இவர்களைக் கண்டதும் நெற்றியில் கை வைத்தான். தினேஸ்வரியின் தோளில் உறுமியைக் கண்டதும் கையை எடுத்தான்.

"நான் உறுமி மேளம் பதிவு பண்றேன்" என்றாள் ஷெரில், மூச்சு விடாமல். "பக்கத்துலயே நின்னு அடிப்பாங்க. தரை ஆடும். இதுல நிக்குது."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா! அதுக்கு இந்தச் சின்னதுதான். சுத்துற சாமானே உள்ள இல்ல."

"நெஜமாவே தாங்குமா?"

"தாங்கும்."

"எப்படித் தெரியும்?"

ரூபன் தினேஸ்வரியைப் பார்த்தான். தினேஸ்வரி ஷெரிலைப் பார்த்தாள். "அடிச்சுப் பாத்துருவோமே" என்றாள்.

ஷெரில் இரண்டு டிஸ்கையும் கண்ணாடி மேசைமேல் வைத்து, முதலில் மடிக்கணினியிலிருந்து கறுப்புக்கு ஒரு பெரிய ஃபைலை அனுப்பினாள். திரையில் வேகத்தைக் காட்டும் கோடு சீராக ஓடியது. தினேஸ்வரி மேசையை ஒட்டி நின்று குச்சியை இழுத்தாள். கண்ணாடி நடுங்கியது. வேகம் சரிந்து தரையைத் தொட்டது. எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். காவலாளி ஓடி வந்தார். வந்தவர் கைப்பேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கினார்.

"இப்ப சின்னது" என்றாள் ஷெரில்.

தினேஸ்வரி இன்னும் அழுத்தி இழுத்தாள், மறுகையால் மறுபக்கத் தோலில் அறைந்தாள். விலைச்சீட்டுகள் துள்ளின. திரையில் வேகக் கோடு அசையவே இல்லை. நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அந்தச் சின்னப் பெட்டியை ஷெரில் வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு அதை இப்படிச் சோதித்துக் காட்டிய தினேஸ்வரியைப் பார்த்தாள். உலகத்தில் எந்தக் கருத்துப் பக்கத்திலும் இப்படி ஒரு சோதனை எழுதியிருக்காது.

"இது போதும்" என்றாள். இடம் குறைவுதான். வகுப்பு வேலைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வாங்கி முடிக்க அவளுக்கு அவ்வளவு குறைந்த நேரம் ஆனது அதுதான் முதல் தடவை.

பொழுது சாய்கிற நேரத்தில் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். மீ கோரெங் தீர்ந்ததும் ஷெரில் கையை உயர்த்தினாள். காத்திருந்த அலுப்பு யாருக்கும் தெரியவில்லை. மத்தியானம் அடித்ததைவிட நன்றாகவே அடித்தார்கள். உச்சம் வந்தபோது ஷெரில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரை ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி அடி விழுந்து, ஓசை செம்பனைக்குள் போய் அடங்கும் வரை விட்டு, அதற்குப் பிறகுதான் நிறுத்தினாள்.

திங்கட்கிழமை மாலை, வகுப்பு வாசலில் தினேஸ்வரி போனோடு வந்து நின்றாள்.

"எடுத்துக்கிட்டாங்கடி! தேருக்கு முன்னாடி நாமதான்!" என்றவள், போனை ஷெரிலின் கையில் திணித்தாள். "செயலாளர் லைன்ல இருக்காரு. எந்த ஸ்டூடியோன்னு கேக்குறாரு. நீயே சொல்லு."

ஷெரில் போனைக் காதில் வைத்தாள்.

"ஸ்டூடியோ இல்லண்ணே. தோட்டத்து மண்டபம்" என்றாள். "நான்தான் எடுத்தேன்."