குமுதவல்லி பிரேசிலுக்குப் போன விதம்

பெருந்தொற்று அடங்கிய வருடம், மலேசியாவில் சுவா பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழத்தின் விலை சற்று இறங்கியிருந்த ஒரு வாரத்தில், குமுதவல்லியின் இடது பாதம் பிரேசிலுக்குப் போய்விட்டது. காலையில் அவள் பாயை விட்டு எழுந்தபோது கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. காயமில்லை, ரத்தமில்லை. ஆனாலும் விழாமல் நடந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள், ஏனென்றால் அந்தப் பாதம் அங்கே தரையில் நன்றாகவே ஊன்றியிருந்தது. கணவர் நல்லசாமி, பழம் ஏற்றும் லோரியை அன்று எடுக்காமல், அவளை போர்ட்டிக்சன் கிளினிக்குக் கூட்டிப்போனார். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். "வலியெல்லாம் இல்ல டாக்டர். சேறா இருக்கு. சின்னச் சின்ன மீனு வந்து கடிக்குது லா" என்றாள். டாக்டர் வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

அது பிரேசில் என்று தெரிந்தது இடது காது போன பிறகுதான். மந்தின் டவுனில் கைப்பேசிக் கடையில் வேலை செய்யும் மகள் ரோகினி, அம்மாவின் காதில் விழுந்த பேச்சை அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்துக் கைப்பேசியில் கேட்டாள். பிரேசிலில் பேசுகிற போர்த்துகீசு மொழி என்றது அது. சில நாளில் வலது பாதமும் போனது. அங்கே மண் வெடித்துக் கிடந்தது, முள்ளும் மாட்டெலும்பும் குத்தின, மழைவாசனையே இல்லை. "ஒரு காலு ஆத்துக்குள்ள, ஒரு காலு வறட்டுக் காட்டுல. ரெண்டும் ஒரே நாடா?" என்று குமுதவல்லி சந்தேகப்பட்டாள். "அந்தக் கண்டத்துல பாதி அந்த நாடுதாம்மா" என்றாள் ரோகினி. கோயில் பூசாரி மாயாண்டி மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கை கயிற்றோடு போனது.

கைகள் இரண்டும் தெற்கே காப்பி விளையும் மலைச்சரிவில் போய்ச் சேர்ந்தன. இங்கே பகல் என்றால் அங்கே இரவு. ஆகவே சமைக்க வேண்டிய நேரத்தில் அவை தூங்கின, இங்கே ஊர் அடங்கியதும் பழம் பறித்தன. நல்லசாமி சோறு வடிக்கவும், அவளுக்கு ஊட்டவும், தலைவாரிச் சடை பின்னவும் பழகிக்கொண்டார். ரசம் ஊட்டினால் கறுப்பு அவரையும் பன்றியிறைச்சியும் வெந்த ருசி வருகிறது என்றாள். பிப்ரவரியில் ஒரு வாரம் முழுக்க மேளச்சத்தம் காதைப் பிளந்தது. மாதாகோயிலுக்குப் போகிற பக்கத்து வீட்டு மார்த்தாவுக்கு அது புரிந்தது. "தவக்காலம் வரப்போவுதுல்ல, அதுக்கு முந்தி ஆடித் தீத்துக்குறாங்க" என்றாள். சோயா வயல்களின் இரைச்சலையும், ரயில் ரயிலாக இரும்புத்தாது போகும் அதிர்வையும், பந்தாட்டத்தில் கோல் விழுந்தால் தெருவே அலறுவதையும் குமுதவல்லி விலைவாசி சொல்வதுபோலச் சொல்லுவாள். இங்கே நட்டு வளர்த்த ரப்பர் மரத்தின் பூர்வீகம் அந்த ஆற்றங்கரைக் காடுதான் என்று ரோகினி படித்துக் காட்டியபோது மட்டும், "அதுங்க இங்க வந்தப்போ யாரு அழுதாங்களோ" என்றாள்.

இரண்டாம் வருடம் ஒரு நாள் ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் சோற்றை வாங்கவில்லை.

"என் வெரல ஒரு பிள்ள புடிச்சிருக்குங்க" என்றாள்.

"யாரு பிள்ள?"

"தெரியல. தாயில்லாத பிள்ளையாட்டம் இருக்கு. விடவே மாட்டேங்குது."

நல்லசாமி தட்டைக் கீழே வைத்தார். "போவாத வல்லி."

"நானா போறேன்? இழுக்குதுங்க" என்றாள். பிறகு, "கை குட்டியா, சில்லுனு இருக்கு" என்றாள்.

மறுநாள் அவர் பாஸ்போர்ட் எடுத்தார். சிரம்பானில் விமான டிக்கெட் போடுகிற பெண் எந்த ஊருக்கு என்று கேட்டாள். ஒரு பாதம் வடக்கே, ஒன்று வடகிழக்கே, கைகள் தெற்கே. இடையில் எத்தனையோ நாள் பஸ் பயணம். டிக்கெட் போடாமலே திரும்பி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லோரிக்கு வேறு ஆள் போட்டார்கள். பிடித்த பிடியிலேயே, மூன்றாம் வருடம் மழைக்காலத்தில், உள்ளங்கைக்கு அடியிலிருந்து அந்தத் தோள் போனது. பாதங்கள் நடந்து நடந்து காப்பித் தோட்டத்துக்கு வந்துவிட்டன என்று அவளே சொன்னாள், கொஞ்சம் நிம்மதியாக. முகம் கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனது. அதற்கு முன் அவரைப் பார்த்து, "மீன் வாங்கினா செவுள பாத்து வாங்குங்க" என்றாள்.

குரல் மட்டும் அடுப்படியில் தங்கிவிட்டது. முதலில் தமிழில் பேசியது, பிறகு நடுநடுவே அந்த ஊர்ச் சொற்கள், இப்போது முழுக்கவே அந்த மொழி. ரோகினி கைப்பேசியை நீட்டி அர்த்தம் கேட்கப் போனாள். வேண்டாம் என்று நல்லசாமி தடுத்துவிட்டார். குழந்தையைக் குளிக்கக் கூப்பிடுகிற தொனி வரும், ஏசுகிற தொனி வரும். தாம் பேசுவது அவளுக்குக் கேட்கிறதா என்று அவருக்குத் தெரியாது. மார்த்தா உப்பு கேட்டு வந்தால் குரலுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறாள். சாயங்காலங்களில் அவர் அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்து கீரை ஆய்கிறார், குரல் நிறுத்துகிற இடங்களிலெல்லாம் "ம்" என்கிறார். போன வாரம் அது நீளமாக என்னவோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. நல்லசாமிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவரும் சிரித்தார்.